பாதயாத்திரைக்கு ஒரு மருந்துப் பை

"மேடம், வயித்து எரிச்சலுக்கு விலை கம்மியா, நல்லதா எதைக் குடுக்கலாம்?"

மருந்துக்கடை கவுண்ட்டருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, நீங்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் இதைக் கேட்டுவிடுவீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை, போன் போட்டுக் கேட்கிறீர்கள். ஏதோ பெரிய ரகசியத்தை நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு நினைப்பு.

பதிலைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு, வாயில் போட்டு மெல்லும் சாதாரண மாத்திரை போதும். அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்று என்றால் வேலையும் ஒன்றுதான். பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுங்கள், விலை குறைந்ததை அவரே எடுத்துக்கொள்வார். தண்ணீரில் பொங்கும் உப்புப் பொடியை பிரஷர் இருப்பவர்களுக்கு நீட்டாதீர்கள். ஓமெப்ரசோல் மாதிரி கேப்ஸ்யூல் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று வாய் திறந்து சொல்லுங்கள், பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அதைத் தேடுகிறார்கள். சீரகத் தண்ணீரோ, ஓமமோ, இஞ்சித் துண்டோ, நீர்மோரோ ஒருவருக்குக் கேட்கிறது என்றால் தாராளமாகக் குடிக்கட்டும். நாம் மாத்திரை விற்கிறோம் என்பதற்காகச் சீரகத்தோடு சண்டை போட வேண்டியதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குக் கவலை வேறு. நம் பக்கத்து ஜனங்களுக்கு உடம்பில் எது வந்தாலும் அதற்குப் பெயர் 'கேஸ்'. நெஞ்சு அடைத்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து நின்றாலும் கேஸ். கேட்ட மாத்திரையை எடுத்துக் கொடுத்துச் சில்லறை கொடுத்து அனுப்புவதற்குக் காசு போட்டால் திறக்கும் ஒரு பெட்டி போதும், பட்டம் படித்த ஆள் வேண்டாம். யாருக்குக் கொடுக்காமல் நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். செசிலி அக்காவின் கதையை அதற்காகத்தான் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் இருந்த கடை. எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும். காவி உடுத்தி, மாதா சுரூபத்தை வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, "மரியே வாழ்க" என்று கத்திக்கொண்டு போவார்கள். பின்னாலேயே அரிசி, அடுப்பு, பாய் எல்லாம் ஏற்றிய ஒரு மினி லோடு வண்டி வரும். வண்டிக்காரர் அந்தோணி. மருந்துப் பைக்குப் பொறுப்பு செசிலி அக்கா.

செசிலி அக்காவின் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் பக்கம் வீடு கட்டி வந்தார்கள். வந்த கொஞ்ச வருஷத்தில் அவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், ஜெரால்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. முந்தின வருஷ மழையில் அவனுக்கு டெங்கு வந்து, ஐசியூவில் வைத்து, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த வராந்தாவில் நின்றுதான் அக்கா வேண்டிக்கொண்டார். என் பிள்ளையைத் திருப்பிக் கொடு, நான் காலால் நடந்து உன் வாசலுக்கு வருகிறேன். பிள்ளை பிழைத்து எழுந்து வேலைக்கும் போய்விட்டான். அதுவரை கூட்டத்தை வழியனுப்பி, பை கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த அக்கா, அந்த ஆகஸ்டில்தான் முதல் முறையாக நடக்கப்போகிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். அந்தோணியும் கூடவே வந்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் புறப்பாடு.

"மேடம், பை கட்டணும். வெயில்ல நடந்து கண்ட தண்ணியைக் குடிச்சு எல்லாருக்கும் வயிறுதான் முதல்ல கெட்டுப்போவுது. காசு அதிகம் ஆவாம, நல்லதா பார்த்துக் குடுங்க."

எனக்கு இந்த மாதிரி வேலை ரொம்பப் பிடிக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நிறைய எடுத்து வைத்தேன். பாட்டிலில் வரும் ஜெல் மருந்து வேண்டாம், வண்டியில் உருண்டு உடையும் என்று சொல்லி, மெல்லும் மாத்திரை அட்டைகளை எடுத்தேன். வறுத்த சீரகமும் ஓமமும் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னேன். வெறும் வயிற்றோடு யாரும் காலையில் நடக்க வேண்டாம், வாழைப்பழமாவது கொடுங்கள் என்றேன்.

அதற்குள் அக்கா ஓர் அட்டையை உடைத்து ஒரு மாத்திரையை வாயில் போட்டார். பேசிக்கொண்டே இன்னொன்று. நான் வயிற்றுப்போக்கு மாத்திரை எடுக்கத் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் மூன்றாவது. பொரிகடலை மெல்லுகிற மாதிரி மென்றார். முகத்தில் சாக்பீஸ் நிறம். எங்கள் கடைக்கு இரண்டே படி, அதில் ஏறி வந்ததற்கே இன்னும் மூச்சு அடங்கவில்லை. கையால் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"அக்கா, இதை எத்தனை நாளா மெல்லுறீங்க?"

"அது கேஸ் மேடம். ஒரு மாசமா காலையில ஆவடி வரைக்கும் நடந்து பழகினு வரேன் இல்ல, வெறும் வயித்துல போறேனா, கேஸ் ஏறிக்குது."

"வெறும் வயித்துல ஏன் போறீங்க?"

"ஒருசந்தி புடிக்கிறேன் மேடம். நேர்ச்சை நடைக்கு முன்னாடி புடிக்கணும்னு மனசுல கீது. காலையில பால் ஊத்தாத கட்டன் டீ மட்டும்."

ஒருசந்தி என்றால் அவர்கள் பிடிக்கும் உபவாசம், பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் மனசை உறுத்தியது வேறு விஷயம். ஐம்பத்தைந்து தாண்டிய அம்மா, முட்டி தேய்ந்தவர், போன வருஷம் வரை எங்கள் கடைக்கு ஆட்டோவில் வந்தவர், இப்போது தினமும் ஆவடி வரை எப்படி நடக்கிறார்?

"முட்டி வலிக்கலையா?"

அக்கா அந்தோணி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செட்டு வாங்கிப் போட்டுக்கிறேன் மேடம். பூந்தமல்லி பக்கம் ஒரு கடையில குடுக்கறாங்க. போட்டா முட்டி பஞ்சு மாதிரி ஆயிடுது."

செட்டு என்றால் உங்களுக்குத் தெரியும், பார்த்திருப்பீர்கள். சின்னக் காகிதக் கவரில் பெயர் தெரியாத நாலு உதிரி மாத்திரை. ஒன்று வலிக்கு. ஒன்று சின்னதாக வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்டு. ஒன்று சத்துக்கு என்று பெயருக்கு. ஒன்று கேஸுக்கு. டாக்டர் சீட்டும் இல்லாமல், அட்டையும் இல்லாமல் கைமாறும் இந்தச் சரக்கைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். இன்றைக்கும் எரிகிறது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலையில ஒண்ணு, நடந்துட்டு வந்து ஒண்ணு. அதான் கேஸ் மாத்திரையும் கூடவே போடறேனே மேடம். வயித்துக்கு அது காவல். செட்டு ஜாஸ்தியா போட்டா இதையும் ஜாஸ்தியா போட்டுக்கறேன். எல்லாத்தையும் ஒரே கடையில வாங்கினா திட்டுவீங்கன்னு மாத்தி மாத்தி வாங்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இந்த இடத்தில்தான் நம் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். எரிச்சலை அடக்கினால் புண்ணையும் அடக்கிவிட்டதாக நினைப்பு. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கட்டன் டீயோடு போட்டு, அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்து, ஒரு மாசமாக உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறதோ, அதன் மேல் இந்தச் சுண்ணாம்பு ருசி மாத்திரையைப் பூசி, கேஸ் கேஸ் என்று ஊரெல்லாம் நடந்திருக்கிறார்.

அடுத்த கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். கடையில் அப்போது ஆறேழு பேர் நிற்கிறார்கள். நான் கவுண்ட்டரைச் சுற்றி வெளியே வந்து அவர் காதோடு கேட்டேன்.

"அக்கா, வெளிய என்ன கலர்ல போவுது?"

"சீ, இன்னா மேடம் இது."

"சொல்லுங்க."

"கருப்பாத்தான் போவுது. செட்டுல சத்து மாத்திரை கீது இல்ல, அதுக்கு அப்படித்தான் போவும்னு கடைக்காரன் சொன்னான்."

"தார் மாதிரி ஒட்டுதா? தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குதா? நாத்தம் தாங்கலையா?"

அக்கா தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அது போதும். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கருப்பாகப் போகும், உண்மைதான். ஆனால் இரும்புச்சத்து சாப்பிட்டவர் இரண்டு படி ஏறி இப்படி மூச்சு வாங்க மாட்டார்.

"அக்கா, வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு நடக்க முடியாது."

அந்த முகம் மாறினதை நான் மறக்க மாட்டேன். கோபம் இல்லை, பயம்.

"மேடம், நான் நடக்கலைன்னா அவனுக்கு எதனா ஆயிடும். மாதாகிட்ட வாக்குக் குடுத்தேன். கீழே உழுந்தாலும் அங்கே போயி உழறேன். ஜெரால்டுகிட்ட மட்டும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா இந்தக் கடைப் படி ஏற மாட்டேன்."

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள். மருந்து தர மாட்டேன் என்று சொல்வது சுலபம். நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்வார். நேர்ச்சை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் பண்ணலாம். அதற்கு அவர் ஐசியூ வாசலில் நின்றபோது நான் அங்கே இருந்திருக்க வேண்டும், இல்லையா? மகனுக்கு அவர் பேச்சை மீறிப் போன் போடலாம். போட்டிருப்பேன், அது கடைசி வழி. ஆனால் மகன் வந்து கையைப் பிடித்து இழுத்தாலும், அவனுக்காகவே நடக்கிறேன் என்பவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாரா?

அவர் தனக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் அவர் யாருக்காகப் போவார்?

கட்டி வைத்திருந்த மருந்துப் பையை எடுத்து கவுண்ட்டருக்கு உள்ளே, என் நாற்காலிக்குக் கீழே வைத்தேன்.

"பை ரெடி அக்கா. ஆனா தர மாட்டேன். மருந்துக்குப் பொறுப்பா போற ஆளுக்கே உடம்பு எப்படி இருக்குன்னு தெரியாம அத்தனை பேரை உங்களை நம்பி அனுப்ப முடியாது. வழியில நீங்க விழுந்தா அவங்க எல்லாரும் நின்னுடுவாங்க. யாருமே போய்ச் சேர மாட்டாங்க. பக்கத்து லேப்ல ஒரு சொட்டு ரத்தம் குடுங்க. நல்லா இருந்தா நானே பையைத் தூக்கிட்டு வந்து வண்டியில வெக்கறேன்."

வாசலில் நின்ற அந்தோணிக்கு அப்போதுதான் விஷயம் எட்டியது. "இன்னாக்கா, இத்தினி நாளா எங்களுக்கே சொல்லாம கீறியே? மேடம் சொல்றதைக் கேளு. பையி இல்லாம நான் வண்டி எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! இருந்தாலும் போனார். கூட்டத்தின் பை அல்லவா, விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. லேப் எங்களுக்கு அடுத்த கதவு. ரத்தம் எடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் லேப் பெண் செருப்புகூடப் போடாமல் எங்கள் கடைக்கு ஓடி வந்தாள்.

"மேடம், மெஷின் தப்பா காட்டுதோன்னு ரெண்டு வாட்டி ஓட்டிட்டேன். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. இவங்க எப்படி நடந்து வந்தாங்க?"

நான் லேப்புக்குப் போனபோது அக்கா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை.

"மாதா என்னை வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம்."

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாதா விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. எனக்கு ரத்தம் பத்திக் கொஞ்சம் தெரியும். இப்ப ஜெரால்டுக்குப் போன் போடணும். நான் போட மாட்டேன், நீங்களே போடுங்க."

நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். "அம்மாக்கு உடம்பு முடியல டா" என்று இவ்வளவுதான் சொன்னார். மகன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, "அழுவாத, அழுவாத" என்று இவர் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்தோணி வண்டியில் ஏற்றி வைத்திருந்த பாய்களையே விரித்து அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பயணத்துக்குக் கட்டிய மாலை வண்டி முகப்பில் ஆடிக்கொண்டே போயிற்று.

ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் ஆழமான புண், கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நடந்திருந்தால் கல்பாக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டார் என்று டாக்டர் ஜெரால்டிடம் சொன்னாராம்.

மருந்துப் பையை மறுநாள் காலை நானே அந்தோணியிடம் கொடுத்தேன். கூட்டம் "மரியே வாழ்க" என்று கிளம்பிப் போயிற்று. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். உயிரைக் காப்பாற்றியவளை இப்படியா பார்ப்பது என்று உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. இந்த வேலையில் நீங்களும் இதை வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். நன்றியை எதிர்பார்த்து யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள்.

ஜெரால்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மாவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"ம்மா, அது எனக்காக வேண்டினதுதானே? நீ எழுந்து உக்காரு. டாக்டர் ஆபத்து இல்லைன்னு சொன்னதும் நானே போயி நடக்கறேன்."

"நான் வேண்டினேன்டா. நீ நடந்தா எப்படி ஆவும்?"

"ஆவும். என் காலு நீ குடுத்ததுதான்."

சொன்னபடி செய்தான். அம்மா வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே காவி வேட்டியோடு பஸ் ஏறி, புதுச்சேரியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, அங்கிருந்து வேளாங்கண்ணி வரை நடந்தான். அக்காவுக்கு அதில் சந்தோஷம், ஆனால் திருப்தி இல்லை. வீட்டிலிருந்து புதுச்சேரி வரை யார் நடந்தது? அந்தப் பாதிக் கடனை மாதாவிடம் பாக்கி வைத்திருப்பதாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கடைப் பக்கம் மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்ட். ஒரு சாயங்காலம் செசிலி அக்கா படி ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி, "மேடம், பை கட்டணும்" என்றார். புண் ஆறிவிட்டதை டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தார். செட்டைத் தொடவில்லை. முட்டிக்கு உறை, மேலுக்குத் தடவும் களிம்பு, ரொம்ப முடியாவிட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால், சாயங்காலம் உப்புப் போட்ட வெந்நீரில் கால். காலையில் இட்லி சாப்பிட்ட பிறகுதான் நடை என்று பங்கு சாமியாரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வீட்டிலிருந்து புதுச்சேரி வரை, முடிந்த அளவுக்கு மெதுவாக. அங்கிருந்து அந்தோணி வண்டியில்.

"மீதியை அவன் நடந்துட்டான் இல்ல, அதை மாதா கணக்குல வெச்சுக்குவாங்க" என்றார். நான் பெரிதாகத் தலையை ஆட்டினேன். அந்தக் கணக்கில் தலையிட எனக்கு எந்தப் பட்டமும் இல்லை.

பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதே கூட்டத்தில் நடக்கப்போகும் ஆள் ஒருவர் வந்து நின்றார். லாரி பட்டறையில் வேலை செய்கிறவர், மலை மாதிரி உடம்பு.

"மேடம், இடுப்பு வலிக்கு எதனா குடுங்க, கூடவே கேஸ் மாத்திரையும் ஒரு அட்டை. நெஞ்செல்லாம் எரியுது."

நான் வாயைத் திறப்பதற்குள் செசிலி அக்கா திரும்பினார். கடையில் அன்றைக்கும் கூட்டம்தான். அவர் யாருடைய காதிலும் போய்க் கேட்கவில்லை.

"இந்தா நைனா, காலையில சாப்ட்டியா? செட்டு எதனா போடறியா? வெளிய இன்னா கலர்ல போவுது?"

கடை மொத்தமும் சிரித்தது. அந்த ஆள் வெட்கத்தில் நெளிந்தார்.

"இன்னாக்கா, பொம்பளைங்க நிக்கிற எடத்துல..."

"வெக்கத்தைத் தூக்கி அப்பால வெய்யி. எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. கருப்பா போவுதா, இல்லியா? அதைச் சொன்னாத்தான் உனக்கு மாத்திரை." கவுண்ட்டரில் இருந்த மருந்துப் பையை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு அவர் பதிலுக்காக நின்றார்.

"இல்லக்கா. மஞ்சளாத்தான் போவுது. செட்டெல்லாம் போடறது இல்ல, காலையில சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப சரி" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "குடுங்க மேடம்."

நான் இடுப்புக்குத் தடவும் களிம்பும் மெல்லும் மாத்திரை ஓர் அட்டையும் எடுத்துக் கொடுத்தேன், விலை குறைந்ததாகப் பார்த்து.